பவர் டிராபார் (டூலை ஸ்பிண்டிலுக்குள்ள இழுத்துப் பிடிக்கிற கம்பியைக் காத்தால இயக்குற அமைப்பு): எந்த டைப் எந்த மில்லிங் மெஷினுக்கு? அனுபவம் உள்ளவங்க பகிரலாம்

ஓசூர், ஜாப் ஒர்க்:
முதல்ல ஸ்பிண்டில் டேப்பரை, அதாவது ஹோல்டர் உட்காருற கூம்புக் குழியைப் பாருங்க, பாதி முடிவு அதுலயே வந்துடும். ஆர்8 டேப்பருக்கு டிராபார் மரை 7/16 இன்ச், 20 டிபிஐ (இன்ச்சுக்கு 20 மரை). ஐஎஸ்ஓ 30-க்கு எம்12, ஐஎஸ்ஓ 40-க்கு எம்16. இந்த ஐஎஸ்ஓ ரெண்டும் 7/24 டேப்பர், டிராபார் தளர்ந்ததும் ஹோல்டரை விட்டுடும். மோர்ஸ் டேப்பர் விடாது. அதுக்குப் பார் தலை மேல கேப் போட்டு, மரை கழலும்போதே ஹோல்டரைக் கீழே தள்ளுற மாதிரி செய்யணும்.

பல சைஸ் கோலெட் (டூல் ஷேங்கைச் சுத்திப் பிடிக்கிற பிளவுக் குழல்) மாத்துற ஷாப்புக்கு இம்பேக்ட் ரெஞ்ச் டைப்தான் சரி. சின்ன சிலிண்டர் ரெஞ்சைக் கீழே அழுத்தும். ஏர் விட்டதும் ரிட்டர்ன் ஸ்பிரிங் சாக்கெட்டைப் பார் தலையிலிருந்து 5 மி.மீ.யாவது தூக்கணும். இல்லேன்னா ஓடும்போது உரசி ஹெக்ஸ் மூலை உருண்டுடும். இறுக்குற லைனுக்குத் தனி ரெகுலேட்டர் போட்டு காத்து பிரஷரை 4 பார் வையுங்க, கழட்ட 6 பார் (இங்க பார்ங்கிறது பிரஷர் அளவு). ரெண்டுக்கும் ஒரே பிரஷர் வெச்சா இறுகினது கழலாது, கோலெட் மரையும் இழுத்துக்கும். ஸ்பிண்டில் பிரேக் பிடிக்கலேன்னா இம்பேக்ட் அடி முழுக்க வீண்.

பர்கூர், டூல் ரூம்:
அண்ணா சொன்னது கோலெட்டுக்கு. ஒரே ஷேங்க் சைஸ்ல ஹோல்டர் வெச்சு மாத்துறவங்களுக்கு டிஸ்க் ஸ்பிரிங் (குழிஞ்ச வாஷர் மாதிரி ஸ்பிரிங் அடுக்கு) டைப் ரொம்ப நல்லது. பிடிக்கிறது ஸ்பிரிங், விடுவிக்கத்தான் ஏர். கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்னாலும் டூல் விழாது.

கணக்கு இங்கதான் தப்பும். 100 மி.மீ. போர் சிலிண்டர் 6 பார்ல சுமார் 480 கிலோதான் தள்ளும். ஸ்பிரிங் 1000 கிலோ பிடிச்சா அதைவிட அதிகமா அமுக்கணும், அதனால மூணு அடுக்கு சிலிண்டர் வேணும். டிஸ்க்கை ஒரே பக்கமா அடுக்கினா விசை கூடும், எதிரெதிரா அடுக்கினா ஸ்ட்ரோக் கூடும். ஒண்ணு திரும்பிக் கிடந்தாலும் ரெண்டு கணக்கும் மாறிடும்.

சிலிண்டரை ஹெட்ல போல்ட் போட்டு இறுக்கவே கூடாது. அமுக்குற விசை முழுக்க ஸ்பிண்டில் பேரிங் வழியா இறங்கி, பந்து உட்கார்ந்த இடத்துல குழி விழும். அப்புறம் ஃபினிஷே வராது. சிலிண்டர் கைடு பின்ல மிதக்கணும், அதோட நகம் ஸ்பிண்டில் காலரை அடியில பிடிக்கணும். அப்போ தள்ளுறதும் தாங்குறதும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே முடிஞ்சுடும்.

தருமபுரி, மெயின்டனன்ஸ்:
குயில் (ஸ்பிண்டிலோட மேல கீழே நகர்ற குழல்) உள்ள மெஷின்ல டிராபாரும் குயிலோட கீழே இறங்கும். குயில் முழுசா மேல இருந்தா மட்டும் பவர் டிராபார் வேலை செய்யுற மாதிரி லிமிட் ஸ்விட்ச் வையுங்க. ஸ்பிண்டில் கான்டாக்டரோட என்சி காண்டாக்ட் (ஸ்பிண்டில் ஆஃப்ல இருக்கும்போது மூடியிருக்குறது) வழியாத்தான் ஏர் வால்வு சோலினாய்டுக்கு சப்ளை போகணும், ஸ்பிண்டில் நின்னு முடியுற வரைக்கும் ஒரு டைமரும் வேணும். எஃப்ஆர்எல் (ஏர் லைன் ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) தண்ணியைத் தினமும் வடிங்க. டூல் கழட்டும்போது பெட்ல ஒரு பலகை போட்டுடுங்க.