மன அழுத்தக் கேள்வித்தாள்: தமிழ்ச் சொற்களுக்கு உதவி தேவை

வணக்கம். கல்லூரி மாணவர்களிடம் மன அழுத்தம், ஆளுமை, அடிக்கடி வரும் சளி–தலைவலி மூன்றையும் சேர்த்து அளக்கக் கேள்வித்தாள் தயாராகிறது. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனின் பத்துக் கேள்வி மன அழுத்த அளவுகோல்தான் அடிப்படை: கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8 நேர்மறைக் கேள்விகள். இவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (0 என்றால் 4, 1 என்றால் 3). மறந்தால் மொத்தமும் பாழ்.

சிக்கல் வேறு இடத்தில். எதற்கும் பதறும் சுபாவக்காரர்கள் நோய் இல்லாதபோதும் அறிகுறிகளைக் கூட்டிச் சொல்வார்கள். அழுத்தத்தையும் கூட்டியே சொல்வார்கள். அப்போது இரண்டுக்கும் இல்லாத உறவு இருப்பதுபோல் தெரியும். கோஹன் குழு 1991இல் வெளியிட்ட இங்கிலாந்து ஆய்வில் 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுத் தொற்றைப் பரிசோதனையில் உறுதிசெய்தார்கள்; அழுத்தம் ஏற ஏறத் தொற்றும் ஏறியது. நம்மால் அது முடியாது (யாரும் மூக்கைக் காட்டவும் மாட்டார்கள்!). அதனால் தெர்மாமீட்டர் அளவு, விடுப்பு நாள், மருந்துச் சீட்டு ஆகியவற்றைத் தினக்குறிப்பாக வாங்கலாமா? எட்டு வாரம் தாங்குவார்களா?

இன்னொன்று: ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு மாணவர்கள் ‘டென்ஷன்’ என்கிறார்கள், அதில் கோபமும் கலந்துவிடுகிறது. மதுரை, நெல்லை, கொங்குப் பக்கம் என்ன சொல்வார்கள்? வாக்கியமாகவே எழுதுங்கள்.