கையில் 310 ரூபாய், சம்பளத்துக்கு 9 நாள்: கடைக் கணக்கில் வாங்கலாமா?

மணலி ஷிப்ட்
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் மூன்று பேர் ஒரு ரூமில் இருக்கிறோம். மணலியில் ஒரு குடோனில் கான்டிராக்ட் வேலை. மூட்டை ஏற்றி இறக்குவது, காலை 6 மணி ஷிப்ட். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சம்பளம் வழக்கமாக 7ஆம் தேதி வரும். இந்த மாதம் 10 என்று சொல்லிவிட்டார்கள். தங்கைக்குக் காலேஜ் பீஸ் கட்டியதில் கையில் 310 ரூபாய்தான் நிற்கிறது. இன்று தேதி 1. ரூமில் நாலு கிலோ அரிசி இருக்கிறது, கேஸ் இருக்கிறது. வேலைக்கு சைக்கிளில் போகிறேன், அதனால் பஸ் செலவு இல்லை.

ரூம் நண்பர் தெருமுனை மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கிறார். "நான் சொல்கிறேன், நீயும் நோட்டில் எழுதி வாங்கிக்கொள், 10ஆம் தேதி அடைத்துவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா கடன்பட்டு நொந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை கணக்கன்
தம்பி, மனசு ஒப்பவில்லை என்றால் அந்த மனசு சொல்வதையே கேளுங்கள். நோட்டுப் பக்கம் போகாதீர்கள். அம்மா உணவகம் இருக்கும்போது எதற்குக் கடன்? காலையில் நாலு இட்லி 4 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ராத்திரி சப்பாத்தி இரண்டு 3 ரூபாய், நாலு வாங்கினால் 6. ஆக நாளுக்கு 18, ஒன்பது நாளுக்கு 162. மீதி 148 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கும். 2013 பிப்ரவரியில் திறந்தபோது வைத்த அதே விலை.

வேலை போயிருந்த நேரத்தில் இரண்டு மாதம் நான் அங்கேதான் சாப்பிட்டேன். ஆட்டோக்காரரும் நிற்பார், கழுத்தில் ஐடி கார்டு மாட்டினவரும் நிற்பார். டோக்கன் வாங்கினால் அது உங்கள் காசுக்கு வாங்கிய சாப்பாடு. யாரிடமும் கை நீட்டியதாக ஆகாது.

காசிமேட்டு அக்கா
கணக்கு சரிதான். ஆனால் தம்பி எழுதியதை முழுசாகப் படித்தீர்களா? காலை 6 மணி ஷிப்ட். அம்மா உணவகம் திறப்பதே 7 மணிக்கு. ஷிப்ட் முடிந்து மணலியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்வதற்குள் மதியச் சாப்பாடு தீர்ந்திருக்கும். சப்பாத்தி எல்லாக் கிளையிலும் கிடைப்பதில்லை. அப்புறம், மூட்டை தூக்குகிறவனுக்கு நாலு இட்லி எந்த மூலைக்கு?

தம்பி, நாலு கிலோ அரிசி என்றால் ஒன்பது நாளைக்கு நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேலேயே வருகிறது. ஒரு ஆளுக்குத் தாராளம். உனக்கு இப்போது தேவை தொட்டுக்கொள்ள ஒன்று, அவ்வளவுதான். ராத்திரி ஒரு வேளை வடி. பாதியைச் சாப்பிடு, மீதியில் தண்ணீர் ஊற்றி மூடி வை. விடியற்காலை ஐந்து மணிக்கு உப்புப் போட்டுப் பிசைந்து நீராகாரத்தோடு குடித்துவிட்டுக் கிளம்பு. கொஞ்சம் டப்பாவிலும் எடுத்துக்கொள்.

தொட்டுக்கொள்ள சென்னாக்குன்னி வாங்கு, அதுதான் காய்ந்த பொடி இறால். நூறு கிராம் போதும். வாணலியில் எண்ணெய் இல்லாமல் வறுத்தால் ஒரு நிமிஷத்தில் மொறுமொறு என்று ஆகும், வாசம் தெருவுக்கே போகும். மண் இருக்கும், ஒரு துணியில் கொட்டித் தேய்த்துப் புடைத்து எடு. காய்ந்த மிளகாய் நாலு, பூண்டு இரண்டு பல், உப்பு, கொஞ்சம் புளி வைத்து இடி. ஒரு வாரம் கெடாது. ஒரு ஸ்பூன் இருந்தால் ஒரு குண்டான் பழைய சோறு இறங்கும்.

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் வரும். முன்பு 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், கையில் காசு வராது. என் அம்மா அந்த நாளையெல்லாம் கருவாட்டுப் பானையையும் நொய்க் கஞ்சியையும் வைத்தே தள்ளினார். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

பழைய வண்ணை மளிகை
நோட்டுக் கணக்கு என்றால் ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்? என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் 30 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். நீளவாக்கில் ஒரு நோட்டு, நடுவில் சணல் கட்டியிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர் எழுத மாட்டார், "பச்சைக் கதவு", "தையல் மிஷின்", "லாரிக்காரர்" என்றுதான் எழுதுவார். நோட்டு யார் கண்ணில் பட்டாலும் யார் பாக்கி என்று தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். ஒரு பைசா வட்டி வாங்கியதில்லை. சம்பள நாள் சாயங்காலம் அவர்களே வந்து கோடு போட்டு அடித்துவிட்டுப் போவார்கள்.

தெருவில் ஒருத்தர் மேல் ஒருத்தர் வைக்கிற நம்பிக்கை அது. தம்பிக்கு ஒன்பது நாளில் ஒரு 400 ரூபாய் ஆகுமா? அதற்குப் போய் வயிற்றைக் காயப்போட வேண்டுமா?

தண்டையார்பேட்டை கணக்கன்
மளிகை சார், உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் வாங்குகிறவன் விலை கேட்க மாட்டான், அதுதான் என் கவலை. கையில் காசோடு போனால் "கடலை எண்ணெய் வேண்டாம், பாமாயில் கொடுங்கள்" என்று வாய் வரும். கடனுக்குப் போனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். கூடவே ஒரு பிஸ்கட், ஒரு ஷாம்பு பாக்கெட். 10ஆம் தேதி 400 அடைத்தால் வந்த சம்பளத்தில் முதல் நாளே 400 குறைவு. அடுத்த மாதம் நோட்டு இன்னும் சீக்கிரம் திறக்கும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மளிகை நோட்டு 3,000 தாண்டியது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு அந்தத் தெரு வழியாக நடக்கவே கூச்சம். அதை அடைக்கத் தண்டல் வாங்கினார். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் கொடுத்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள். வாங்கின மறுநாளிலிருந்தே கட்ட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு பைக் சத்தம் கேட்டால் நாங்கள் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவோம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. வாசலில் பைக் நிற்கும்போது அந்தச் சட்டத்தை யார் எடுத்துப் பேசினார்கள்?

பழைய வண்ணை மளிகை
கணக்கன் சார், நீங்கள் பட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் தண்டலையும் மளிகை நோட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கடையில் தராததால்தான் இன்றைக்குப் பசங்கள் போனில் கடன் ஆப் தேடுகிறார்கள். ஆதார் கொடு, போனில் இருக்கிற நம்பரெல்லாம் கொடு, 2,000 கொடுக்கிறேன் என்கிற ஆப். ஒரு நாள் தவறினால் மாமனார் வீடு வரை போன் அடிப்பான். தம்பி, எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள்.

தண்டையார்பேட்டை கணக்கன்
ஆப் விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன்.

வியாசர்பாடி டீச்சர்
ஒருத்தரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். 7ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் ஏன் 10ஆம் தேதி? ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் 10ஆம் தேதிக்குள் என்று 1936ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் 7 என்றே வைத்திருக்கிறது. கான்டிராக்டர் எடுத்துக்கொள்கிற அந்த மூன்று நாளும் இந்தத் தம்பியின் வயிற்றிலிருந்து போகிறது. நாம் அவருக்குச் சென்னாக்குன்னி பக்குவம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்று நாள் முன்னால் சம்பளம் வந்திருந்தால் இந்தக் கேள்வியே சுருங்கியிருக்கும்.

காசிமேட்டு அக்கா
டீச்சரம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளை எதைக் குடித்துவிட்டு மூட்டை தூக்குவான்? சட்டம் வருகிற வரைக்கும் உலை கொதிக்க வேண்டுமே.

வியாசர்பாடி டீச்சர்
இரண்டும் வேண்டும் அக்கா. நான் பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. சிக்கனம் சொல்லிக்கொடுக்க நூறு பேர் வருகிறார்கள், தேதி கேட்க ஒருத்தர் வருவதில்லை, அதுதான் என் ஆத்திரம். தம்பி, தனியாகக் கேட்காதீர்கள், கூட வேலை செய்கிற பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

ரேஷன் பற்றியும் ஒன்று. 2020 அக்டோபரிலிருந்து ஊர்க் கார்டை வைத்தே இங்கே எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. ஆனால் நீங்கள் இங்கே வாங்கினால் அதே கார்டில் அம்மாவுக்கு அங்கே குறையும். வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மணலி ஷிப்ட்
எல்லோருக்கும் நன்றி. ரேஷன் வேண்டாம், அம்மாவும் தங்கையும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு விஷயம் முதலில் எழுதவில்லை. நாலு நாளாகக் காலை நாஷ்டாவை விட்டுவிட்டேன். டீ மட்டும்தான். நேற்று லாரியிலிருந்து இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அண்ணன் பிடித்துக்கொண்டார். கோயில் அன்னதானத்துக்கு லீவு நாளில் போகலாம் என்று ஒருவர் சொன்னார். வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

காசிமேட்டு அக்கா
ஏன்டா தம்பி, அரிசியை ரூமில் வைத்துக்கொண்டா பட்டினி கிடந்தாய்? மூட்டையோடு விழுந்திருந்தால் யார் பார்ப்பது? முதலில் போய் உலை வை. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏழுகிணற்றுக்காரன்
அன்னதானத்துக்குக் கூச்சம் வேண்டாம் தம்பி. நான் இருப்பது ஏழுகிணறு. வள்ளலார் சின்ன வயதிலிருந்து குடியிருந்த வீராசாமி தெரு இங்கேதான் இருக்கிறது. இங்கிருந்துதான் அவர் திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்து போவார். 1867இல் வடலூரில் தருமசாலை திறந்தார், அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வருகிறவரிடம் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று அங்கே கேட்பதில்லை. பசி என்று வந்தால் இலை போடுவார்கள். கோயில்களில் அரசின் மதிய அன்னதானத் திட்டமும் 2002 முதல் நடக்கிறது. சாப்பிட்டுவிட்டு, சம்பளம் வந்ததும் உண்டியலில் பத்து ரூபாய் போடுங்கள், கூச்சம் போய்விடும்.

பழைய வண்ணை மளிகை
அன்னதான வரிசையில் நிற்கலாம், தெருக் கடையில் நோட்டில் எழுதக் கூடாதா? இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏழுகிணற்றுக்காரன்
அன்னதானத்தில் பாக்கி நிற்காது சார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

பழைய வண்ணை மளிகை
பாக்கி நிற்பதால்தானே மறுபடி கடைக்கு வந்து "நல்லா இருக்கிறீங்களா" என்று கேட்கிறார்கள். அப்பா கடையை மூடிய வருஷம் "தையல் மிஷின்" பக்கத்தில் 640 ரூபாய் பாக்கி இருந்தது. அந்த அம்மா எட்டு மாதம் கழித்து எங்கள் வீட்டைத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மணலி ஷிப்ட்
அண்ணா, அக்கா, ராத்திரி ரூமில் பேசிவிட்டேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு இரண்டு பேரும் திட்டினார்கள். அவர்களும் தள்ளுவண்டியில் ஆளுக்கு 60, 70 ரூபாய் என்று கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 10ஆம் தேதி வரை மூன்று பேருக்கும் ஒரே உலை என்று முடிவு. அரிசி என்னுடையது, தீர்ந்தால் அடுத்தது அவர்கள் வாங்குவார்கள். பருப்பும் எண்ணெயும் அவர்கள் பங்கு. நோட்டில் எழுதவில்லை. நேரமாகிவிட்டதால் முதல் நாள் கஞ்சியாகவே வைக்கலாம் என்று பார்த்தோம், அடியில் பிடித்துக்கொண்டது. பதம் எப்படி அக்கா? தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

தண்டையார்பேட்டை கணக்கன்
நல்ல முடிவு தம்பி. 310இல் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தினம் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

காசிமேட்டு அக்கா
ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர். கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும், கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறு. உப்பைக் கடைசியில் போடு. மூன்று பேர் என்றால் இரண்டு டம்ளர் அரிசி வை. ஞாயிற்றுக்கிழமை லீவாக இருந்தால் மீன் ஏலம் முடிந்த பிறகு காசிமேடு வா, கூடையின் அடியில் காரப்பொடி மீன் மிஞ்சியிருக்கும். பேரம் பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் கருவாடு விற்கிற அம்மாவைக் கூப்பிடு, அவர் பேசிக் கொடுப்பார்.