விபிஎன் வழியாக வருபவருக்குச் சர்வர் மட்டுமே எட்டுகிறது

கேள்வி (நாகர்கோவில்):
வணக்கம். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் அலுவலகம் ஒன்றின் கணினி இணைப்புகளைக் கவனித்து வருகிறேன். அலுவலகக் கணினிகளின் முகவரி வரிசை 192.168.10.0, குலசேகரம் கிட்டங்கியுடையது 192.168.20.0, இரண்டையும் லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) இணைக்கிறது. எங்கள் ரூட்டர் 192.168.10.1. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் 192.168.10.5 என்ற விண்டோஸ் சர்வருக்கு விபிஎன் (இணையம் வழியே அலுவலக வலைக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) மூலம் வந்து, 172.16.50.0 வரிசையில் முகவரி பெறுகிறார்கள். சர்வருக்குப் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைக் கோரிக்கை) போகிறது, 192.168.10.20 என்ற பில்லிங் கணினிக்கும் கிட்டங்கிக்கும் போவதில்லை. சர்வரில் பல ஸ்டாட்டிக் ரூட்களை (எந்த வரிசைக்கு எந்த வழி என்று நாமே எழுதிவைப்பவை) சேர்த்தும் பயனில்லை. மாதக் கணக்கு முடிக்கும் நேரமாதலால் மிகவும் கவலையாக இருக்கிறது.

பதில் (தக்கலை):
ஐயா, போகும் வழியைவிடத் திரும்பும் வழியின் மீதே எனக்குச் சந்தேகம். பில்லிங் கணினி தன் பதிலை டீஃபால்ட் கேட்வேயான (தன் வரிசைக்கு வெளியே உள்ள முகவரிகளுக்குச் செல்லும் வாயிலான) 192.168.10.1-க்கு அனுப்பும், அந்த ரூட்டருக்கு 172.16.50.0 எங்கே இருக்கிறது என்று தெரியாததால், அது பதிலை இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். முதலில் பில்லிங் கணினியில் வயர்ஷார்க்கை (வலையில் வந்துபோகும் தகவல்களைக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டுப் பாருங்கள். கோரிக்கை வந்து பதிலும் கிளம்பினால் நான் சொன்னதே காரணம். கோரிக்கை வந்தும் பதில் கிளம்பாவிட்டால் அந்தக் கணினியின் ஃபயர்வால் தடுக்கிறது. ரூட்டரில் சேர்க்க வேண்டியது: 172.16.50.0, மாஸ்க் (வரிசையின் அளவைக் குறிப்பது) 255.255.255.0, கேட்வே 192.168.10.5.

கேள்வி கேட்டவர்:
பதில் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தேன். ரூட்டைச் சேர்த்ததும் பில்லிங் கணினி எட்டிவிட்டது, மிக்க நன்றி. கிட்டங்கி மட்டும் இன்னும் எட்டவில்லை, டிரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) 192.168.10.1 வரை வந்து, அதன்பின் பதில் இல்லை என்பதற்கான நட்சத்திரக் குறிகளையே காட்டுகிறது.

பதில் (தக்கலை):
அதே குறைதான், ஐயா. குலசேகரம் ரூட்டருக்கும் 172.16.50.0 தெரிய வேண்டும். அங்கே கேட்வேயாக லீஸ்டு லைனின் நாகர்கோவில் முனை முகவரியைக் கொடுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் ரூட் நிற்கும்படி அமைப்பைச் சேமிக்க மறக்க வேண்டாம்.

பதில் (மார்த்தாண்டம்):
வேறொரு வழியும் உண்டு. விபிஎன் பயனர்களுக்கு 192.168.10.200 முதல் 220 வரை ஒதுக்கினால், சர்வரே அவர்கள் சார்பில் ஏஆர்பி கோரிக்கைகளுக்கு (இந்த முகவரி எந்தக் கணினியுடையது என்று வலையில் கேட்பவை) பதில் சொல்லும். எந்த ரூட்டரிலும் புதிய ரூட் தேவைப்படாது. ஆனால் அந்த முகவரிகளை டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை) வேறு எவருக்கும் கொடுக்காதபடி விலக்கி வைக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர்களைத் தனியே கட்டுப்படுத்தத் தனி வரிசையே வசதி என்பதால், இப்போதுள்ள அமைப்பையே நான் விரும்புவேன்.

கேள்வி கேட்டவர்:
குலசேகரத்திலும் ரூட்டைச் சேர்த்துச் சேமித்துவிட்டேன். கிட்டங்கியின் இருப்புப் பதிவேடு வீட்டிலிருந்தே திறக்கிறது. சர்வரில் நான் வீணாகச் சேர்த்திருந்த ரூட்களையும் நீக்கிவிட்டேன்.