உண்ணிக்குச்சிக்குள்ள குட்டித் தேனீ, எரிக்கணுமா விடணுமா?

மலைக்காப்பி:
வணக்கம். தாண்டிக்குடி பக்கம் நம்ம காப்பித் தோட்டம். வேலி ஓரமா காஞ்சு நின்ன உண்ணிச்செடிய வெட்டுறப்ப ஒரு குச்சியோட ஒடிஞ்ச நுனியில இருந்து எறும்பு சைஸ்ல கருப்பா, றெக்கையோட ரெண்டு மூணு வெளிய வந்துச்சு. பொளந்து பாத்தா நடுவுல நெட்டிய (குச்சிக்குள்ள இருக்கற மெத்துனு சோறு) வழிச்செடுத்து ஒரே நீளக் குழாய். அடியில வெள்ளை முட்டை, மேல வர வர புழு பெருசாகுது, வாய்ப்பக்கம் கூட்டுப்புழு. மெழுகு இல்ல, அடை இல்ல, நடுவுல தடுப்பு கூட இல்ல. தேனீ மூஞ்சில வெள்ளையா ஒரு கோடு இருக்கு. அப்பா இது தண்டு துளைப்பான்தான், காப்பிக்கு ஏறிடும், எல்லாத்தையும் எரிச்சிருன்னு சொல்றாரு. எனக்கு எரிக்க மனசே வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பூச்சிநேசன்:
தம்பி எரிச்சிராதீங்க, தயவுசெஞ்சு. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இது பிரவுன்சாபிஸ். 1969ல மிச்சனர்ங்கற தேனீ ஆராய்ச்சியாளர் பேர் வச்ச பேரினம், ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா மூணுலயும் இருக்கு. தடுப்பு இல்லைன்னு கவனிச்சீங்க பாருங்க, அதுதான் முக்கியமான அடையாளம். இதே மாதிரி குச்சியில கூடு கட்டுற செரட்டினான்னு இன்னொரு குட்டித் தேனீ இருக்கு, அது ஒரு மகரந்த உருண்டை வச்சு அதுமேல ஒரு முட்டை விட்டு தடுப்பு போட்டு அடைச்சிட்டே போகும். பிரவுன்சாபிஸ் அப்படி இல்ல, எல்லாக் குழந்தையையும் ஒரே ரூம்ல போட்டு கொஞ்சம் கொஞ்சமா தினமும் ஊட்டி வளக்கும். ஒரு தாய் தனியாவும் வளக்கும், பல கூட்டுல ரெண்டு மூணு பொண்ணுங்க சேந்தே இருக்கும், ஒருத்தி மகரந்தத்துக்குப் போனா இன்னொருத்தி வயித்துப் பின்பக்கத்தால வாசல அடைச்சிட்டு உக்காந்திருக்கும், எறும்பு நுழையக் கூடாதுன்னு. தாய் செத்துட்டாலும் கூட இருக்கறவ மிச்சப் புழுவ வளத்துருவா, அத நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

காப்பிக்கு ஒண்ணும் ஆகாது. இதால கெட்டியான பச்சை மரத்தத் துளைக்கவே முடியாது, ஏற்கனவே ஒடிஞ்சோ வெட்டுப்பட்டோ நெட்டி வெளிய தெரியற காஞ்ச குச்சிதான் வேணும்.

மலைக்காப்பி:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப நிஜமான துளைப்பான அப்பாவுக்கு எப்படிக் காட்டுறது?

பூச்சிநேசன்:
வெள்ளைத் தண்டு துளைப்பான் ஒரு வண்டு. உசுரோட இருக்கற அராபிகா காப்பிச்செடித் தண்டுக்குள்ள அதோட புழு ஓடும், ஓடுன வழியெல்லாம் மரத்தூள் இறுக்கமா அடைச்சிருக்கும், பட்டை மேல வரப்பு மாதிரி தடிச்சுத் தெரியும், செடி மஞ்சளாகி வாடும். அப்படி இருக்கற செடியப் பிடுங்கி எரிக்கறது சரிதான், அப்பா சொல்றது அதுக்குத்தான் பொருந்தும். உங்க குச்சி சுத்தமா வழிச்ச குழாய், தூள் அடைப்பே இருக்காது. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுங்க, அவரே புரிஞ்சுக்குவாரு.

கோத்தகிரி அக்கா:
பொளந்த குச்சிய என்ன பண்ணீங்க தம்பி? ரெண்டு பாதியையும் பழையபடி சேத்து நூலோ டேப்போ சுத்திக் கட்டிருங்க, புழுவ நசுக்காம. மழை நேரா அடிக்காத எடமா, வேலியிலயே அதே எடத்துக்குக் கிட்டக்க கட்டுங்க, வெளிய போன தேனீ திரும்பி வந்து தேடும். கட்டுற கம்பியில கொஞ்சம் கிரீஸ் தடவுனா எறும்பு ஏறாது, ஆனா வாசல்ல படாம பாத்துக்கங்க.

இனிமே கவாத்து பண்றப்ப நெட்டி உள்ள காஞ்ச குச்சி நாலஞ்ச கட்டி நெழல்ல தொங்க விடுங்க. உண்ணி, ரோஜா, மயில்கொன்றை எதுவானாலும் சரி, நுனிய நேரா வெட்டி நெட்டி தெரியணும். பெங்களூர்ல மயில்கொன்றைக் குச்சிய வெட்டி விட்டே செரட்டினாவக் குடியேற வச்சிருக்காங்க. பூமழைக்கு (காப்பியப் பூக்க வைக்கிற கோடை மழை) அப்புறம் காப்பி பூத்து நிக்கிற அந்தக் கொஞ்ச நாள்ல மட்டும் மருந்து அடிக்காதீங்க, அது ரொம்ப முக்கியம்.

மலைக்காப்பி:
கட்டி வச்சாச்சு அக்கா. சாயங்காலமே ஒண்ணு வாசல்ல பின்பக்கத்தக் காட்டி உக்காந்துருச்சு. அப்பாவும் வந்து பாத்தாரு, மிச்சக் குச்சிய எரிக்க வேணாம், ஒவ்வொண்ணா நுனியப் பாத்துட்டு ஓட்டை இருக்கறத தனியா வைன்னுட்டாரு.