கடலுக்குப் போறவருக்கு ஒட்டுற இன்சுலின் பம்ப் சரிவருமா, இன்சுலின் பென்னே (பேனா மாதிரி ஊசி) போதுமா?

பாம்பன்காரன்:
மச்சானுக்கு டைப் 1 சுகர் (உடம்புல இன்சுலின் சுரக்காது). விசைப்படகுல காலையில போனா மறுநாள் காலைதான் கரை. இப்ப தினமும் நாலு ஊசி: ராத்திரி நீண்ட நேர இன்சுலின், மூணு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி வேகமானது. உடம்புல ஒட்டுற பம்ப் வியர்வை, உப்புத்தண்ணி, வெயிலுக்குத் தாங்குமா?

கீழக்கரை மெடிக்கல்:
தண்ணிக்குப் பயமில்ல. ஆம்னிபாட் மாதிரி வெளிய ட்யூப் இல்லாத பம்ப் 7.6 மீட்டர் ஆழத்துல ஒரு மணி நேரம் தாங்கும். வியர்வைதான் வில்லன், வலை இழுக்கையில ஓரம் கிளம்பிடும். தோல்ல தேங்காண்ணெய் இருந்தா ஒட்டவே ஒட்டாது. சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவி, நல்லா காயவிட்டு ஒட்டணும். கைலி மடிப்பு உரசுற இடம் ஆகாது. 200 யூனிட் கொள்ளும், 3 நாள்தான் ஆயுசு. உள்ள இருக்குற இன்சுலின் 37 டிகிரி தாண்டினா வீரியம் குறையும், அதனால மேல சட்டை அவசியம்.

தொண்டி நர்ஸ்:
ஒட்டுறதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பம்ப்ல வேகமான இன்சுலின் மட்டும்தான் ஓடும். தோலுக்குள்ள போற சின்னக் குழாய் மடங்கினாலோ கழண்டாலோ சில மணி நேரத்துல உடம்புல இன்சுலினே இருக்காது, கீட்டோன் (இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கையில ரத்தத்துல சேர்ற அமிலம்) ஏறும். பென்ல நீண்ட நேர இன்சுலின் போட்டவருக்கு ஒரு வேளை தவறினாலும் அடியில ஒண்ணு வேலை செஞ்சுக்கிட்டிருக்கும். நடுக்கடல்ல அந்த வித்தியாசம்தான் முக்கியம். என்னைக் கேட்டா அவருக்கு பென்தான். பம்பே வேணும்னா ரெண்டு வகை பென்னும் ஊசியும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் படகுல இருக்கணும். சுகர் 250 தாண்டி கீட்டோனும் காட்டினா பம்பை நம்பாம பென்ல போட்டுட்டு, பம்பைக் கழட்டி மாத்தணும். எத்தனை யூனிட்னு டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க.

பென்னை மீன் ஐஸ்ல புதைக்காதீங்க. உறைஞ்ச இன்சுலின் உருகினப்புறம் தெளிவாத்தான் தெரியும், ஆனா வீண். ஈரத்துணி சுத்தி நிழல்ல வைங்க. போட்டதும் ஊசியைக் கழட்டிடணும். விட்டா சூட்டுல மருந்து கசியும், காத்துக் குமிழி ஏறும். ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் வெளிய விட்டுப் பார்த்துட்டு, குத்தினப்புறம் பத்து எண்ணி எடுக்கணும்.

கீழக்கரை மெடிக்கல்:
சரிதான், பென்னே நல்லது. இன்னொண்ணு, பம்புக்கு ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்குற இன்சுலின்தான். 40 யூனிட் குப்பியை ஊத்தினா அஞ்சுல ரெண்டு பங்குதான் உள்ள போகும். சிரிஞ்சுல இது தலைகீழ்: 100 யூனிட் குப்பியை சிகப்பு மூடி (40) சிரிஞ்சுல 10 வரை இழுத்தா 25 யூனிட் போயிடும், சுகர் விழுந்துடும். 100க்கு ஆரஞ்சு மூடி.

பாம்பன்காரன்:
பம்ப் வாங்கினா படகு ஏறுற அன்னைக்கு மாத்தலாமா?

தொண்டி நர்ஸ்:
வேண்டாம். முந்தின நாள் சாயந்திரமே மாத்தி, ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பாருங்க. ஏறிக்கிட்டே போனா குழாய் சரியா இறங்கலைன்னு அர்த்தம், கரையிலயே தெரிஞ்சுடும்.