போன பத்தும் வந்த பத்தும்

நாகர்கோவிலிலிருந்து:

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சந்தித்த ஒரு பாட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை மேல் எங்கள் வீட்டிலும் மரியாதை உண்டு. ஆனால் 2022 மே மாதம் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்த பிறகுதான் அந்த மலைப்பக்கம் போகத் தொடங்கினேன். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்ற இடம் அது. தட்டினால் மணி போல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையும் அங்கேதான் இருக்கிறது.

பாட்டி பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரை ஊர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. 2004 சுனாமியில் கணவரையும் ஒரு மகளையும் இழந்தவர். அப்புறம் நிவாரணப் பணத்தால் கொழுந்தனாரோடு தகராறாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனதாம். அந்தச் சமயம் நானும் அண்ணன் மேல் தீராத கோபத்தில் இருந்தேன். அப்பா கட்டிய வீட்டை எனக்குச் சொல்லாமலே அடமானம் வைத்திருந்தான். அதனாலோ என்னவோ, பாட்டி சொல்லச் சொல்ல எழுந்துபோக மனம் வரவில்லை.

"தேவசகாயம் பிள்ளைக்கு டிலனாய் சொல்லிக்குடுத்தது யாருக்க கதைன்னு ஓர்மை உண்டா மக்களே?"

வேதாகமத்தில் சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து தவித்த யோபுவின் கதை. டச்சுத் தளபதி டிலனாய் 1741இல் குளச்சல் போரில் தோற்று மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியாக வந்தவர். பிறகு அந்த மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தார். சொந்த ஊர், பதவி எல்லாம் குளச்சல் கரையோடு போன மனிதர். அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் யோபுவைப் பற்றிச் சொன்னார். அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

"யோபுக்கு எல்லாம் ரெட்டிப்பா கெடச்சுதுன்னு பிரசங்கத்துல சொல்லுவாவ. ஆடு மாடு ரெட்டிப்புதான். பிள்ளைய ரெட்டிப்பு இல்ல, கேட்டியா? போனதும் பத்து, பொறவு பொறந்ததும் பத்து. போன பத்து திரும்பி வரல்ல."

வீட்டுக்கு வந்ததும் வேதத்தைத் திறந்து பார்த்தேன். ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். முதல் அதிகாரத்தில் உள்ள கணக்குதான் 42ஆம் அதிகாரத்திலும். ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்த கதை, இதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அதே அதிகாரத்தின் பத்தாம் வசனம் என்னை இன்னும் பிடித்துக்கொண்டது. யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் அவனுடைய நிலைமை மாறுகிறது. யார் அந்தச் சிநேகிதர்? துக்கத்தில் கிடந்தவனிடம் வந்து, 'உன் பாவம்தான் காரணம்' என்று குத்தியவர்கள். இழந்தது எதுவும் கைக்கு வராத நேரத்தில் அவர்களுக்காக ஜெபிக்கிறான். கோபத்தை விட்டுவிடுவது என்றால் நடந்ததை மறப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். யோபு எதையும் மறந்ததாக அங்கே எழுதவில்லை.

பாட்டி ஒரு தவக்காலத்தில் கொழுந்தனார் வீட்டுப் படியேறினாராம். "பணத்தக் கேக்கப் போவல்ல. கஞ்சி இருக்கான்னுதான் கேட்டேன். அவனுக்க பெண்டாட்டி மீன்கறியும் சேத்து வச்சா." அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையில் மெழுகுதிரி பிடித்து நின்று திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் அதை ஒவ்வொரு ஆண்டும் செய்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. 'நீ மனம் மாறி இரட்சிக்கப்பட்ட தேதி எது?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறியிருக்க வேண்டும் என்ற பயம் அதோடு குறைந்தது.

அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். முதலில் வாயே வரவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, அதில் எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு. அவனுடைய மகள் என் வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போகிறாள்.

தூத்தூர் பக்கத்திலிருந்து:

அக்கா, அந்தப் பத்துப் பிள்ளைகள் விஷயத்தை எங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 2017 ஒக்கி புயலில் மாமா போனவர், உடல் கிடைக்கவில்லை. 'மறந்துட்டு இனி நடக்க வேண்டியதப் பாருங்க' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அத்தைக்கு அந்தப் பேச்சே ஆகாது. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் திரியுமாகப் போகும்போது, போய் நிற்க ஒரு குழி இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். கடைசியில் பங்குச் சாமியார்தான் வந்து, கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவைக்குக் கீழே திரி ஏற்றலாம் என்று கையோடு கூட்டிப்போனார். அதன் பிறகுதான் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்.

மகன் கடலுக்குப் போகவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். இப்போது அவனுடைய புது வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சாமியாரை அவரே போய்க் கூப்பிட்டார். புயல் அடித்த நாளான வருகிற நவம்பர் 30 பூசைக்கு மாமாவின் ஆன்மாவுக்கும் புது வள்ளத்துக்கும் சேர்த்து ஒரே வேண்டுதல் கருத்தாகக் கொடுத்திருக்கிறார்.