சந்தேக மடிவு: காலையில் செத்துக் கிடக்கும் கடல்மீனுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு, டர்பனிலிருந்து வணக்கம்.

வீட்டுத் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஓர் இடத்தில் தேங்கி நிற்கிறோம். நேற்று இரவு வரை நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மீன் காலையில் செத்துக் கிடக்கிறது. உடம்பில் புள்ளியும் இல்லை, புண்ணும் இல்லை. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு இப்போது பட்டியலில் உள்ளது "காரணமறியாத் திடீர் மீன் இறப்பு". நீளமாக இருக்கிறது என்று சிலர் சொன்னீர்கள். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது "காரணமறியா", "திடீர்" என்ற இரண்டு சொற்களும்தான். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

2023 பிப்ரவரி. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. லோட்ஷெடிங் என்ற சொல் தெரியாத குழந்தைகூட இங்கே அப்போது கிடையாது. அன்று எங்கள் பகுதிக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை வெட்டு என்று அட்டவணையில் இருந்தது. என்னுடையது 300 லிட்டர் தொட்டி. கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் சின்ன பேட்டரி காற்று பம்ப் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு மணி நேர வெட்டைத் தொட்டி பலமுறை தாங்கியிருந்ததால், கவலையில்லாமல் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் மஞ்சள் டேங் (tang) மீன் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது. வாய் பிளந்திருந்தது. செவுள் மூடிகள் இரண்டும் விரிந்தபடி விறைத்திருந்தன. பின்பக்க மூலையில் ஏஞ்சல் மீனும் அதே கோலம். இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் உயிரோடு, நீர்மட்டத்தை ஒட்டி நின்றன. இறால் வழக்கம்போல் பாறைமேல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. நத்தைகள் எல்லாம் கண்ணாடியில் நீரின் விளிம்பு வரை ஏறி உட்கார்ந்திருந்தன. ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அமோனியா பூஜ்யம், பி.எச். 8.1. குறிப்பேட்டில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதி மூடிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள்: "அன்னைக்கு ஆறரை மணி வாக்கில் பால் சுட வைக்கப் போனேன், மைக்ரோவேவ் இரண்டரைன்னு காட்டுச்சு. நான்தான் மணியைத் திருத்தினேன்." எங்கள் மைக்ரோவேவின் கடிகாரம் கரண்ட் திரும்பி வந்ததும் 12:00இலிருந்து ஓடத் தொடங்கும். கரண்ட் இரண்டு மணிக்கு வந்திருந்தால் அது நாலரை காட்டியிருக்க வேண்டும். அப்படியானால் வந்தது நாலு மணிக்கு. பேட்டரி பம்பை எடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஆக, இரண்டரை மணி நேரம் தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது.

கடல்நீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகத்தான் கரையும். 25 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடித்துவைக்கும், கடல்நீரில் 7கூட நிற்காது. பிப்ரவரி டர்பனின் புழுக்கத்தில் அது இன்னும் இறங்கும். இரவில் வெளிச்சம் இல்லாததால் பாசியும் ஆக்சிஜனை விடாது, உறிஞ்சத்தான் செய்யும். பவளம், பாறையில் குடியிருக்கும் பாக்டீரியா என்று எல்லோருக்கும் அதே தண்ணீரில்தான் மூச்சு. அதனால்தான் விடிவதற்கு முந்தைய நேரம் எந்தத் தொட்டிக்கும் மோசமானது. மேற்பரப்பு கலங்காமல் நின்றால், ஓயாமல் நீந்தும் பெரிய மீன்கள்தான் முதலில் போகும். செம்பு போன்ற நஞ்சு கலந்திருந்தால் இறாலும் நத்தையும் முந்தியிருக்கும். கரண்ட் வந்ததும் பம்புகள் தண்ணீரைக் கலக்கி, நான் எழுவதற்குள் ஆக்சிஜனைப் பழையபடி ஏற்றிவிட்டன. மீன்களைக் கொன்றது எதுவோ அது தன் தடயத்தையும் துடைத்துவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். "திடீர்" என்பது யாருக்கு? எனக்குத்தான். அந்த டேங் மீனுக்கு அது திடீர் இல்லை, மணிக்கணக்கில் வாய் பிளந்து திணறியிருக்கிறது. வெல்வெட் நோயிலும் இதே கதைதான். ஒட்டுண்ணி முதலில் செவுளைப் பிடிப்பதால், தோலில் பொடி தூவியதுபோல் நமக்குத் தெரியுமுன்பே மீன் போய்விடுகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பவளப்பாறைகளில் சயனைடு அடித்துப் பிடித்த மீன்கள் கடையில் நன்றாக இருந்து, வீட்டுக்கு வந்து சில வாரத்தில் சாவதும் உண்டு. இவை எல்லாவற்றையும் "திடீர்" என்று எழுதிக்கொள்கிறோம். "காரணமறியா" என்பதும் மீனைப் பற்றிய செய்தி இல்லை, நம் அறியாமையைப் பற்றியது. ஒரு வாரத்தில் காரணம் தெரிந்தால் பெயர் பொய்யாகிவிடும். அதைவிட மோசம், பெயரே "தெரியாது" என்று முடித்துவிடுவதால் தேடுகிற கை நின்றுவிடுகிறது. என் கை நின்றது. "மர்ம மரணம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்திரிகைத் தலைப்புக்கு அது சரி, மீன் வளர்ப்பவருக்கு வேண்டாம்.

"துஞ்சல்" என்றும் ஒரு பரிந்துரை வந்தது. அழகான சொல். சங்ககால அரசர்கள் பெயரோடு, இறந்த என்ற பொருளில், "துஞ்சிய" என்று வருவதை நினைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் துஞ்சுதல் தூங்குதலும்தான். ராஸ் (wrasse) வகை மீன்களில் பல இரவில் மணலுக்குள் புதைந்து நிஜமாகவே தூங்குகின்றன, அங்கே குழப்பம் வரும்.

என் பரிந்துரை: சந்தேக மடிவு. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் முதலில் "சந்தேக மரணம்" என்று வழக்குப் பதிவார்கள், விசாரணைக்குப் பிறகு பிரிவை மாற்றுவார்கள். அந்தப் பெயரிலேயே விசாரணை திறந்திருக்கிறது. மீன்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன என்று எழுதுவது நமக்குப் பழக்கம், அதனால் "மடிவு". காரணம் தெரிந்தபின் மூச்சு மடிவு, நஞ்சு மடிவு, நோய் மடிவு என்று பிரித்துக்கொள்ளலாம். தொட்டி முழுவதும் போனால் அது வேறு, அதற்குத் "தொட்டிச் சரிவு" என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டோம்.

* * *

மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து:

ஐயா, வணக்கம். "சந்தேகம்" எனக்குப் பிடிக்கிறது. "ஐயமடிவு" என்று ஆக்கலாமா என்று யோசித்து, நானே விட்டுவிட்டேன். என் மாணவர்கள் வீட்டில் கிரியோல் பேசுபவர்கள், அவர்கள் அதை "ஐயா"வோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். என் தயக்கம் "மடிவு" மேல்தான். பிள்ளைகளுக்கு மடி என்றால் அம்மாவின் மடி, இல்லையென்றால் துணியை மடி. "சந்தேகச் சாவு" என்றால் நாளைக்கே புரியும்.

* * *

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி, எங்க ஊரில் மடி என்றால் வலையின் பை, மீன் வந்து சேருகிற இடம். ஆனாலும் "மடிவு" என்று சொன்னால் யாரும் வலையை நினைக்க மாட்டார்கள். சாவு என்றால் துக்க வீடு ஞாபகம் வரும். மடிவே இருக்கட்டும்.

வேறொன்று கேட்கணும். உங்கள் ஃபில்டர் மூடிய பெட்டி வகையா? ஆமென்றால் நீங்கள் சொன்ன மூச்சு மடிவு முழுக் கதை இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் ஓடாமல் நாலு மணி நேரம் நின்றால் பெட்டிக்குள் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். உள்ளே அழுக்கு தேங்கியிருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடுகூட உண்டாகும். கரண்ட் வந்ததும் பம்ப் அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். வெட்டின்போது பிழைத்த மீன், வெட்டு முடிந்த பத்தாவது நிமிடத்தில் சாகலாம். அமோனியாக் கிட்டில் அது தெரியாது. அன்று அழுகிய முட்டை நாற்றம் அடித்ததா?

* * *

டர்பனிலிருந்து மீண்டும்:

தம்பி, அது மூடிய பெட்டி வகைதான். நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. வீட்டில் கேட்டேன். ஜன்னல்கள் திறந்திருந்தன, நாற்றம் எதுவும் அவளுக்கு நினைவில்லை, எனக்கும் இல்லை. இறால் பிழைத்ததையும் நத்தைகள் மேலே ஏறியதையும் வைத்து மூச்சுத்திணறல் பக்கமே இன்னும் சாய்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டியைக் கழுவி எத்தனை வாரம் ஆகியிருந்தது என்பதும் குறிப்பேட்டில் இல்லை. அதை எழுதாமல் விட்டது என் தவறு.

ரோஸ் ஹில் அம்மாவுக்கு: உங்கள் மாணவர்களுக்காகப் பட்டியலில் "சந்தேகச் சாவு" என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுவோம். இரண்டு வடிவமும் வாழட்டும், எது நிற்கிறது என்று பார்ப்போம்.

பதிவு இப்படி இருக்கலாம்:

"சந்தேக மடிவு: நோய்க்குறியோ காயமோ வெளியே தெரியாமல், ஓரிரவுக்குள் தொட்டி மீன் மடிந்து கிடப்பது. காரணம் உறுதியாகும் வரை மட்டும் வழங்கும் பெயர். பதிவோடு குறிக்க வேண்டியவை: கரண்ட் போன, வந்த நேரம், எந்த மீன் முதலில், எது பிழைத்தது, வாயும் செவுளும் இருந்த நிலை, நாற்றம், ஃபில்டரைக் கடைசியாகக் கழுவிய நாள்."

என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். "காரணம் தெரியவில்லை" இருந்த இடத்தில் இப்போது "சந்தேக மடிவு. மூச்சா, பெட்டித் தண்ணீரா?" என்று இருக்கிறது. இங்கே யாருக்காவது வெட்டு முடிந்தபின் மீன் மடிந்த அனுபவம் இருந்தால், ஃபில்டர் எந்த வகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.